எதிர்வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பு: சிறு பட்ஜெட் த்ரில்லருக்கு டீசர் போஸ்டர் செய்வது எப்படி

சிங்கப்பூரில் தமிழில் படம் எடுக்கும் நண்பர்கள் சிலருக்குச் சில ஆண்டுகளாகப் போஸ்டர் செய்து கொடுத்து வருகிறேன். எல்லாமே சின்னப் படங்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வார இறுதிகளில் படம்பிடித்து, யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து எடிட் செய்து முடித்தவை. அதில் பாதிக்கு மேல் த்ரில்லர்தான், ஏனென்றால் ஒரு வீடு, மூன்று நடிகர்கள், ஓர் இரவு இருந்தால் த்ரில்லர் எடுத்துவிடலாம். படம் முடியும்போது கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில்தான் "ஒரு போஸ்டர் போட்டுக் குடுப்பா" என்று ஃபோன் வரும். அந்த ஃபோன் வருவதற்கு வெகு முன்னாலேயே தெரிந்திருந்தால் உதவும் விஷயங்களை எழுதுகிறேன்.

டீசர் போஸ்டர் வேறு, படத்தின் முழுப் போஸ்டர் வேறு. முழுப் போஸ்டரில் நடிகர்கள் முகம், தொழில்நுட்பக் கலைஞர்கள் பெயர், தேதி, அரங்கு எல்லாம் வரும். டீசர் அதற்குச் சில வாரங்கள் முன்னால் வருவது, அதற்கு இருப்பது ஒரே ஒரு வேலை: பார்த்தவர் மனதில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நம்மில் பலர் முழுப் போஸ்டரையே கொஞ்சம் இருட்டாக்கி டீசர் என்று வெளியிட்டுவிடுகிறோம். பாதி முகம், கையில் கத்தி, பின்னால் மழை, ரத்தச் சிவப்பில் தலைப்பு. கோடம்பாக்கத்தில் பெரிய நடிகரின் முகம் இருந்தால் அது போதும், மக்கள் முகத்துக்காகவே நிற்பார்கள். நம் படத்தில் நடிப்பவர் முகம் இன்னும் யாருக்கும் பழகவில்லை. பழகாத முகத்தைப் பாதி இருட்டில் காட்டினால் விரல் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடும்.

கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

விளக்க வசதியாக ஒரு கற்பனைப் படத்தை வைத்துக்கொள்வோம். பெயர் 'எதிர்வீடு'. சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக், ஒன்பதாம் மாடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு பதினொரு நாளாக அதே இடத்தில், அதே கோணத்தில் கிடக்கிறது. ஆனால் தினமும் இரவில் அந்த வீட்டில் விளக்கு எரிகிறது. சரி, இதற்கு என்ன கேள்வி?

"கொலைகாரன் யார்?" என்று எழுதினால் அது எல்லா த்ரில்லருக்கும் பொருந்தும். "யாரும் வெளியே வராத வீட்டில் விளக்குப் போடுவது யார்?" என்பது இந்தப் படத்துக்கு மட்டும்தான் பொருந்தும். நீங்கள் எழுதிய கேள்வியை நண்பர் ஒருவரின் படத்துக்குத் தூக்கி வைத்துப் பாருங்கள், அங்கேயும் உட்கார்ந்தால் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதுங்கள். இதற்கு இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை. கணினியைத் திறந்த பிறகு கேள்வி தேடினால் கிடைக்காது, எழுத்துருவையும் நிறத்தையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு இருப்போம்.

கேள்வி கிடைத்ததும் திரைக்கதையை ஒருமுறை பென்சிலோடு படித்து, கதாபாத்திரங்கள் கையால் தொடுகிற, கண்ணால் கவனிக்கிற பொருள்களை மட்டும் எழுதுங்கள். 'எதிர்வீடு' படத்தில் செருப்பு, கேட்டின் பூட்டு, கதவில் இருக்கும் கண்ணாடித் துளை, காய்ந்துபோன துளசித் தொட்டி, மூங்கில் கழியில் எடுக்கப்படாமல் தொங்கும் சட்டை, கதவடியில் கசியும் வெளிச்சம். பத்துப் பதினைந்து வந்துவிடும். கதை தெரியாத ஒருவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "ஓ, அப்படியா" என்றால் அந்தப் பொருள் வேண்டாம். "ஏன், அந்த வீட்டில் யார் இருக்கிறாங்க?" என்று திருப்பிக் கேட்டால் உங்கள் போஸ்டர் அதுதான். என் அம்மாவிடம்தான் நான் இதைச் செய்வேன். படத் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டால் அவர்கள் உடனே வடிவமைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பயத்தை வெளியூரில் தேடாதீர்கள். பாழடைந்த பங்களா, மூடுபனிக் காடு, ஒற்றை மரம் எல்லாம் நம் வாழ்க்கையில் இல்லை. இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் வீவக வீட்டில்தான் இருக்கிறோம். நீண்ட தாழ்வாரம், வாசலில் செருப்பு, யாரும் அழுத்தாத மாடியில் நின்று திறக்கும் மின்தூக்கி, நள்ளிரவில் குப்பைக் குழாயில் ஏதோ விழும் சத்தம், இதெல்லாம் ஒவ்வொருவருக்கும் உடம்போடு தெரியும். ரயிலில் உங்கள் போஸ்டரைப் பார்த்தவர் வீடு திரும்பி மின்தூக்கியிலிருந்து இறங்கும்போது பக்கத்து வீட்டு வாசல் செருப்பை ஒரு கணம் பார்ப்பார். அந்த ஒரு கணத்துக்கு விளம்பரப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது, நம்மிடம் அது இலவசமாகவே இருக்கிறது.

படம் எடுக்கும் நாள்

"ஷூட்டிங் வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேம் எடுத்துக்கலாம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஏ3 அளவில் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 3508க்கு 4961 பிக்சல் வேண்டும், அதாவது ஏறக்குறைய 1 கோடியே 74 லட்சம் பிக்சல். 4கே வீடியோவின் ஒரு ஃபிரேம் 3840க்கு 2160, சுமார் 83 லட்சம். அதுவும் படுக்கை வாட்டம். நிமிர்ந்த போஸ்டருக்காக இரண்டு பக்கமும் வெட்டினால் 33 லட்சம்தான் மிஞ்சும். நடிகர் நகர்ந்த தடம் வேறு மங்கலாகப் படிந்திருக்கும். ஃபோன் திரைக்கு அது போதும், கடைக் கண்ணாடியில் ஒட்டப் போதாது. அதனால் படப்பிடிப்பு நாளிலேயே போஸ்டருக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கி, ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இயக்குநர் அந்த நேரத்தில் கட்டாயம் "இன்னொரு டேக்" என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

நல்ல கேமரா இல்லாவிட்டால் ஃபோன் போதும், ஆனால் முக்காலி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். நிமிர்த்தி வையுங்கள். தலைப்புக்காக, படத்தின் மேலேயோ கீழேயோ மூன்றில் ஒரு பங்கு இடம் வெறுமையாக இருக்கட்டும். அப்புறம், கேமராவைத் துளிகூட நகர்த்தாமல் அதே காட்சியை மூன்று விதமாக எடுங்கள்: பொருளோடு ஒன்று, பொருளை எடுத்துவிட்டு ஒன்று, வெளிச்சத்தை மாற்றி ஒன்று. இந்த மூன்றும் பின்னால் மூன்று போஸ்டராகும், அல்லது ஒன்றோடொன்று கலந்து ஒரே போஸ்டராகும். அந்தத் தாழ்வாரத்துக்கு மறுபடி போய் அதே கோணத்தில் எடுக்கவே முடியாது, முயன்று பார்த்திருக்கிறேன்.

வெளிச்சத்துக்கு நம் ஊர் ஒரு வசதி கொடுக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய மாலை 7 மணிக்கு மறைகிறது. அதற்குப் பிறகு ஒரு இருபது நிமிடம் வானம் கருநீலமாக இருக்கும், தாழ்வார விளக்கும் எரியத் தொடங்கியிருக்கும். வெளியே நீலம், உள்ளே வெளிறிய வெள்ளை, கதவடியில் ஒரு மஞ்சள் கீற்று. இந்த மஞ்சளுக்கு ஒரு சாதாரண மேசை விளக்கை வீட்டுக்குள் தரையில் வைத்தால் போதும். செருப்பின் நிழல் நீளமாக விழ ஒரு டார்ச்சை மெல்லிய காகிதத்தால் மூடி, பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, த்ரில்லர் என்பதால் இருட்டாகவே எடுக்க ஆசை வரும். ஃபோனில் இருட்டாக எடுத்தால் புள்ளி புள்ளியாக மண் தூவியதுபோல வரும். நன்றாகத் தெரியும்படி எடுத்துவிட்டு, பிறகு கணினியில் இருட்டாக்குங்கள்.

வீவக புளோக்கின் பொது இடங்களில் படப்பிடிப்பு நடத்த நகர மன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து வீட்டினரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். உண்மையான வீட்டு எண்ணைப் போஸ்டரில் காட்டாதீர்கள், அழித்துவிடுங்கள். யாரோ குடியிருக்கும் வீட்டைப் பயமுறுத்தும் வீடாக ஊரெல்லாம் காட்டுவது சரியில்லை.

பொருளை எவ்வளவு பெரிதாக வைப்பது? என் அனுபவத்தில் இரண்டே வழிதான் வேலை செய்கிறது. பெரிய வெறுமைக்குள் மிகச் சின்னதாக வையுங்கள், அல்லது சட்டகமே போதாத அளவுக்கு நெருங்கிப் போங்கள். நடுத்தர அளவில் வைத்தால் செருப்புக் கடை விளம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது. நிறம் இரண்டே போதும். கருப்பு சிவப்புக் கூட்டணியை எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதைவிடத் தாழ்வார விளக்கின் அந்த நோய்பிடித்த பச்சை கலந்த வெள்ளை எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கும் நிறம்.

இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்து ஒட்டாதீர்கள், அது இன்னொருவர் உழைப்பு. காசு கொடுத்து வாங்கும் பொதுப் படங்களிலும் ஒரு சிக்கல் உண்டு, அதே படத்தை வேறு யாரோ ஒருவர் ஏற்கெனவே வாங்கிப் போஸ்டராக்கியிருக்கலாம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கும் படமும் இந்த வேலைக்கு உதவாது என்பது என் கருத்து, ஏனென்றால் நம் தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவர், கேட்டின் கம்பி வடிவம், மின்தூக்கிப் பொத்தான், இதில் ஒன்று தப்பாக இருந்தாலும் இங்கே வளர்ந்தவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், நம்பிக்கை போய்விடும்.

தமிழ்த் தலைப்பு: இங்கேதான் உயிர்

ஆங்கில த்ரில்லர் போஸ்டர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு வழக்கம் தெரியும். மெல்லிய பெரிய எழுத்துகளை ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டுப் பரப்பி வைப்பார்கள். அந்த இடைவெளியே ஒரு குளிரைக் கொடுக்கும். இதைத் தமிழில் அப்படியே செய்தால் எழுத்து உடையும். 'கொ' என்பது நமக்கு ஓர் எழுத்து, பல வடிவமைப்புச் செயலிகளுக்கு அது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. இடைவெளியைக் கூட்டியதும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். படிப்பவருக்குப் பயம் வராது, அச்சுப் பிழை என்று தோன்றும். எழுத்தை மேலிருந்து கீழாக அடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும், கொம்பும் காலும் தங்கள் எழுத்தோடு ஒரே வரியில் இருக்க வேண்டும்.

சரி, தமிழில் அந்தக் குளிரை எப்படிக் கொண்டுவருவது? நம் எழுத்து உருண்டது, அடர்த்தியானது, அந்த அடர்த்தியைப் பயன்படுத்துங்கள். கனமான எழுத்தை நெருக்கமாக, மூச்சு முட்டுகிற மாதிரி வைத்துப் பாருங்கள். அல்லது மிகச் சின்னதாக, பரந்த இருட்டின் ஓர் ஓரத்தில். எழுத்தைக் கிழித்தோ வெட்டியோ காட்ட விரும்பினால் எங்கே வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். மேல்பாகத்தை மறைத்தால் புள்ளியும் இகர ஈகாரச் சுழியும் போய்விடும், 'வீ' என்பது 'வ' ஆகிவிடும். கீழே மறைத்தால் 'பு' என்பது 'ப' ஆகிவிடும். நடுவில் மெல்லியதாக ஒரு கோடு வெட்டினால் வாசிப்பு கெடாது.

எனக்கு மிகப் பிடித்த வழி புள்ளி. வேறு எந்த அலங்காரமும் தராத வாய்ப்பை மெய்யெழுத்தின் புள்ளி தருகிறது. 'எதிர்வீடு' என்று எழுதுங்கள், நடுவில் 'ர்' இருக்கிறது, அதன் தலையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியையே கதவின் கண்ணாடித் துளையாக்குங்கள். ஒரு மெல்லிய பித்தளை வளையம், உள்ளே ஒரு துளி வெளிச்சம். வேறு படமே வேண்டாம், தலைப்பே கதவாகிவிட்டது, கதவுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள். உங்கள் தலைப்பில் புள்ளி இல்லையென்றால் கொம்பு, சுழி, துணைக்கால் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓர் இரவு முழுக்க உங்கள் தலைப்பை மட்டும் பென்சிலால் நாற்பது ஐம்பது முறை எழுதிப் பாருங்கள், ஏதோ ஓர் இடத்தில் எழுத்தும் பொருளும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டவே இல்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், சுத்தமாக எழுதிவிட்டு நகருங்கள்.

எழுத்துருவுக்குக் காசு தேவையில்லை. கூகுள் ஃபாண்ட்ஸில் அனெக் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. அனெக் தமிழில் எழுத்தின் அகலத்தையும் கனத்தையும் தனித்தனியாக மாற்றலாம் என்பதால் தலைப்புக்கு அதைத்தான் முதலில் எடுப்பேன். வேறெங்காவது இறக்கியதாக இருந்தால் 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இதையெல்லாம் விட, வீட்டில் அழகாகக் கையெழுத்துப் போடும் பெரியவர் யாராவது இருந்தால் தூரிகையைக் கொடுத்து எழுதச் சொல்லி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அப்படி ஒரு தலைப்பு வேறு எந்தப் படத்துக்கும் வராது.

ஃபோட்டோஷாப்பில் தமிழ் தட்டினால் கொம்பு தப்பான பக்கம் விழுகிறதா? எழுத்து அமைப்புகளுக்குள் போய் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, செயலியை மூடித் திறந்து, புதிய கோப்பில் முயலுங்கள். பழைய பதிப்புகளில் இது 'தெற்காசியா' என்ற பெயரோடு இருக்கும். காசில்லாமல் செய்வதானால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலைச் செயலி தமிழை ஒழுங்காகக் காட்டும். முடித்த பிறகு, இது முக்கியம், அச்சுக்கு அனுப்பும் கோப்பில் எழுத்தையெல்லாம் வடிவமாக (அவுட்லைன்) மாற்றிவிட்டுத்தான் பிடிஎஃப் ஆக்க வேண்டும். நான் ஒருமுறை மாற்றாமல் அனுப்பினேன். அச்சுக்கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அது வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டது, நாற்பது பிரதியிலும் கொம்பு இடம் மாறி நின்றது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மறுநாள் காலை திரையிடல், அந்த நாற்பதையும் ஒட்டாமலே வைத்துவிட்டோம்.

பிழை திருத்தத்தை வேறொருவரிடம் கொடுங்கள். ஒரே சொல்லை நூறு முறை பார்த்த கண்ணுக்கு ர, ற வேறுபாடு தெரியாது, ஒற்று விடுபட்டதும் தெரியாது. இந்த ஊரில் பொது அறிவிப்பில் தமிழ் பிழையாக வந்தால் நம் மக்கள் படம்பிடித்துப் பகிர்ந்து கேள்வி கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். அப்படியிருக்க நாமே தமிழ்ப் படத்தின் போஸ்டரில் பிழை விடலாமா?

ஆங்கிலத்திலும் தலைப்பைச் சின்னதாகக் கீழே போடுங்கள். இங்கே வளர்ந்த இளையர் பலருக்குத் தமிழ் பேச வரும், ஆனால் வேகமாகப் படிப்பது ஆங்கிலம்தான். தேடும்போதும் ஆங்கிலத்தில்தான் தட்டுவார்கள். தமிழுக்கு முதலிடம், ஆங்கிலத்துக்குக் கால்வாசி அளவு.

ஒரு வரி, அதுவும் இருந்தால்

போஸ்டர் வாசகம் ஏழு சொல்லைத் தாண்டினால் படிக்கமாட்டார்கள். "ஒரு கொலை... ஒரு ரகசியம்... ஒரு பயணம்..." என்ற முப்புள்ளி வரிசையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், எதையும் சொல்லாத வரி அது. நடந்ததைச் சாதாரணமாகச் சொல்லுங்கள். "பதினொரு நாளாகச் செருப்பு நகரவில்லை." இது ஒரு தகவல். அண்டை வீட்டுக்காரர் மின்தூக்கியில் சொல்வது போன்ற தொனி, அதனால்தான் அது உள்ளே போகிறது. வாசகமும் படமும் ஒன்றையே சொல்லக்கூடாது என்பதையும் பாருங்கள். படத்தில் செருப்பு பெரிதாக இருந்தால் வாசகம் விளக்கைப் பற்றிப் பேசட்டும்: "ஆனால் விளக்கு எரிகிறது."

பெயர்கள் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. காசு போட்டவர், இசையமைத்தவர், வீடு கொடுத்தவர் என எல்லாருக்கும் தங்கள் பெயரைப் பார்க்க ஆசை இருக்கும், நியாயமான ஆசை. டீசரில் இயக்குநர் பெயரும் குழுவின் பெயரும் போதும் என்று படப்பிடிப்பு தொடங்கும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், முழுப் போஸ்டரில் ஒவ்வொருவர் பெயரும் வரும் என்று எழுதியே கொடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் மனக்கசப்பாகும்.

அளவும் அச்சும்

முதலில் ஃபோனுக்குச் செய்யுங்கள், அங்கேதான் முக்கால்வாசிப் பேர் பார்ப்பார்கள். இன்ஸ்டகிராம் பதிவுக்கு 1080க்கு 1350, ஸ்டோரிக்கு 1080க்கு 1920. ஸ்டோரியில் மேலும் கீழும் 250 பிக்சல் அளவுக்கு முக்கியமான எதையும் வைக்காதீர்கள், பெயரும் பொத்தான்களும் வந்து மறைக்கும். முடித்ததும் படத்தை இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள், பிறகு நிறத்தை எடுத்துவிட்டுக் கருப்பு வெள்ளையில் பாருங்கள். இரண்டிலும் பொருள் தெரிய வேண்டும். அதோடு நிற்காமல் ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்து, நண்பகலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். இருட்டு அறையில் அழகாக இருந்த போஸ்டர் வெயிலில் வெறும் கருப்புச் சதுரமாகத் தெரியும், த்ரில்லர் போஸ்டர்களில் மிகவும் சகஜமாக நடப்பது இது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருக்கிக் கெடுத்துவிடும், குழுவினருக்குக் கோப்பாக அனுப்புங்கள்.

அச்சுக்கு ஏ3 போதும், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு இடம் (தாளை வெட்டும்போது போகும் ஓரம்) விடுங்கள். கோப்பு சிஎம்ஒய்கேயில் (அச்சு மையின் நான்கு நிற முறை) இருக்கட்டும். திரையில் தெரியும் ஆழமான நீலமும் பச்சையும் மையில் அப்படியே வராது, மாற்றிப் பார்த்தால் ஏமாற்றம் முன்கூட்டியே தெரிந்துவிடும். கருப்பு மையை மட்டும் 100 விழுக்காடு வைத்தால் பெரிய பரப்பில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கருப்போடு நீலம் (சியான்) 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 சேர்த்தால் கிணற்றுக் கருப்பு கிடைக்கும். சின்ன எழுத்துகளுக்கு மட்டும் தனிக் கருப்பு, இல்லாவிட்டால் ஓரம் கசியும். பென்கூலன் பக்கம் சன்ஷைன் பிளாசாவில் அச்சுக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. எந்தக் கடையானாலும் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, வெளியே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், இருட்டான படத்தில் எதிரே இருக்கும் கடை விளக்கெல்லாம் பிரதிபலிக்கும்.

கியூஆர் குறியீடு அச்சுப் பிரதியில் மட்டும் போடுங்கள், 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல். ஃபோனில் பார்ப்பவர் அதே ஃபோனால் அதைப் பிடிக்க எங்கே போவார்?

எங்கே ஒட்டலாம், எங்கே கூடாது

சென்னையில் சுவரெல்லாம் ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்த ஆசை இங்கே செல்லாது. அனுமதியில்லாமல் பொதுச் சொத்தில் சுவரொட்டி ஒட்டுவது நாசவேலைச் சட்டத்தின்கீழ் குற்றம், 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், புளோக் கீழ்த்தளத் தூண், மின்தூக்கிச் சுவர் எதுவும் கூடாது. "ரெண்டு நாள்ல கழட்டிடுவோம்" என்பதெல்லாம் பேச்சே இல்லை.

அதனால் கடை கடையாகப் போங்கள். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் தேக்கா, சிராங்கூன் சாலை, கேம்பல் லேன் பக்கம் முடிதிருத்தகம், சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை, பூக்கடை. கடை உரிமையாளரிடம் நேரில், கூட்டமில்லாத மதியம் மூன்று மணிவாக்கில், "அண்ணே, நாங்க இங்க உள்ள பிள்ளைங்க எடுத்த தமிழ்ப் படம்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் இடம் கொடுப்பார்கள். முடிதிருத்தகம் எனக்கு மிகப் பிடித்த இடம், அங்கே உட்காருபவர் இருபது நிமிடம் உங்கள் போஸ்டரைத்தான் பார்த்தாக வேண்டும். சமூக மன்ற அறிவிப்புப் பலகைக்கு அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

பொதுத் திரையிடலுக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாடு, அதாவது எந்த வயதினர் பார்க்கலாம் என்ற குறி, வேண்டும். பிஜி13, என்சி16, எம்18 என்று எது வந்தாலும் அதற்குப் போஸ்டரின் கீழ் மூலையில் முதலிலேயே இடம் ஒதுக்கி வைத்தால் பிறகு தலைப்பை நகர்த்த வேண்டியதில்லை.

காவல்துறை அறிவிப்பு மாதிரியோ, காணவில்லை என்ற சுவரொட்டி மாதிரியோ போஸ்டர் செய்யும் யோசனை எல்லாக் குழுவிலும் ஒருவருக்கு வரும். வேண்டாம். இங்கே மக்கள் அந்த அறிவிப்புகளை நம்புகிறார்கள், உண்மையென்று நினைத்துத் தகவல் கொடுக்கப் போவார்கள். அந்த நம்பிக்கையை ஒரு படத்துக்காகச் செலவழிக்கக்கூடாது. இங்கே நிஜமாக நடந்த கொலை வழக்கு எதையும் நினைவுபடுத்தும் படமும் வேண்டாம், சின்ன ஊர் இது, அந்தக் குடும்பம் அதே கடைக்குக் காய்கறி வாங்க வரும். உயரமான மாடி விளிம்பில் ஒருவர் நிற்பதுபோன்ற படத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

மூன்று முறை தட்டுங்கள்

ஒரே டீசரோடு முடிக்காதீர்கள். திரையிடலுக்கு ஆறு வாரம் முன்னால் ஒன்று, நான்கு வாரம் முன்னால் ஒன்று, இரண்டு வாரம் முன்னால் ஒன்று. மூன்றிலும் சட்டகம் அதே, தலைப்பு அதே இடத்தில், மாறுவது ஒரே விஷயம். முதல் போஸ்டரில் செருப்பு கிடக்கிறது, தலைப்பின் புள்ளியில் வெளிச்சம் இருக்கிறது. இரண்டாவதில் எல்லாம் அப்படியே, ஆனால் அந்தத் துளையில் வெளிச்சம் இல்லை, வளையம் மட்டும் தெரிகிறது. கதவில் இருக்கும் துளை எப்போது இருட்டாகும் என்று வீவக வீட்டில் இருக்கும் எவருக்கும் விளக்க வேண்டாம், உள்ளே யாரோ கண்ணை வைத்திருக்கிறார்கள். மூன்றாவதில் வெளிச்சம் திரும்ப வந்துவிட்டது, செருப்பைக் காணவில்லை. தேதியை இந்த மூன்றாவதில்தான் முதன்முதலாகப் போடுங்கள்.

தீபாவளியை ஒட்டிய இரண்டு வாரத்தில் முதல் டீசரை வெளியிடாதீர்கள், பெரிய படங்களின் சத்தத்தில் காணாமல் போய்விடும். சாதாரண வேலை நாள், இரவு ஒன்பதுக்கு மேல் போடுங்கள். வீட்டுக்கு வந்து, கேட்டைப் பூட்டி, கதவைச் சாத்தி, படுக்கையில் ஃபோனை எடுக்கும் நேரம் அது.

கேமராவில் எடுத்த மூலப் படங்களையும் அடுக்கு அடுக்கான கோப்பையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள், வெளிநாட்டுப் படவிழா ஏதாவது ஒன்று வேறு அளவில் திடீரென்று கேட்கும். அப்புறம் திரையிடல் முடிந்த மறுநாளே கடைகளுக்குப் போய் ஒட்டியதை நீங்களே கழற்றி, கண்ணாடியில் இருக்கும் பசைநாடாவையும் சுரண்டித் துடைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த படத்துக்கும் அந்தக் கண்ணாடிதான்.